எக்கிள்பர்க்கின் கண்கள் கடவுளின் கண்களா?

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதி 1925 ஏப்ரல் 10 அன்று நியூயார்க்கில் வெளியான 'தி கிரேட் கேட்ஸ்பி' என்னும் புதினத்தைக் கற்பிப்போர் ஒரு செய்தியை அலுக்காமல் சொல்லி வருகிறார்கள். அப்புதினத்தில் சாம்பல் மேடுகளுக்கு மேலே, ஒரு விளம்பரப் பலகையில் தீட்டப்பட்டிருக்கும் இரு பெருங்கண்கள் கடவுளின் கண்களாம். தேர்வுக்கான துணைநூல்கள் இதனை வாய்பாடாகவே ஆக்கிவிட்டன. பச்சை விளக்கா, நம்பிக்கை, மஞ்சள் நிறமா, பணம், சாம்பலா, அறச்சிதைவு, கண்களா, கடவுள். மளிகைக் கடைச் சிட்டையைப் போல வரிசையாக எழுதிக்கொண்டு போய்விடலாம். ஆன்மிக நோக்கில் இந்நூலை எடுத்துக்கொள்வோரும் இவ்விளக்கத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறார்கள். இறைவனை மறந்த ஒரு நாகரிகத்தை இறைவன் உயரத்திலிருந்து உற்றுநோக்கிக் கொண்டிருக்கிறார் என்று முடிக்க அது மிகவும் வசதியாக இருக்கிறது.

இவ்விளக்கம் தவறானது என்பதே என் வழக்கு. இலக்கியத் திறனாய்வில் நேர்ந்த சிறு பிழை என்றால் பேராசிரியர்களிடமே விட்டுவிடலாம். ஆனால் இது கடவுளைப் பற்றிய பிழை. அப்புதினத்துக்குள்ளேயே ஒரு மனிதன் இதே பிழையைச் செய்கிறான், செய்துவிட்டுக் கைத்துப்பாக்கியோடு புறப்பட்டுப் போய், குற்றமற்ற ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான், தானும் மடிகிறான். அந்த மனிதன் செய்த பிழையை நூலின் பொருளென்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

நூலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1922ஆம் ஆண்டின் கோடைக்காலம். நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் பெரிய மாளிகை எடுத்து, இரவெல்லாம் விருந்து வைக்கிறான் ஜே கேட்ஸ்பி. ஏழைக் குடியானவரின் மகனான அவன் கள்ளத்தனமாய்ப் பொருள் ஈட்டியவன். ஒருகாலத்தில் தான் காதலித்து, இப்போது டாம் புக்கானன் என்னும் பரம்பரைச் செல்வனின் மனைவியாகிவிட்ட டெய்சியை மீண்டும் அடைவதொன்றே அவன் நோக்கம். டாமுக்கோ வேறொருத்தியோடு தொடர்பு. அவள் மிர்ட்டில், சாம்பல் மேட்டோரத்தில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் ஜார்ஜ் வில்சனின் மனைவி. கேட்ஸ்பியின் மஞ்சள் காரை டெய்சி ஓட்டிவரும்போது, மிர்ட்டில் அதில் அடிபட்டு இறக்கிறாள். கார் நிற்காமல் போய்விடுகிறது. காருக்குரியவன் கேட்ஸ்பி என்று வில்சனிடம் சொல்லி அனுப்புகிறவன் டாம். வில்சன் கேட்ஸ்பியைச் சுடுகிறான். இவையனைத்தையும் நமக்குச் சொல்பவன் நிக் கேரவே. டெய்சிக்கு உறவினன், கேட்ஸ்பிக்குப் பக்கத்து வீட்டுக்காரன்.

முதலில் சாம்பலைப் பார்ப்போம். அது ஆசிரியரின் கற்பனையில் விளைந்தது மட்டும் அன்று. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், ஃபிளஷிங் ஓடையை ஒட்டிய சதுப்பு நிலத்தில், கொரோனா சாம்பல் கிடங்கு என்ற ஒன்று உண்மையாகவே இருந்தது. புரூக்ளின் சாம்பல் அகற்றும் நிறுவனம் புரூக்ளின் வீடுகளின் நிலக்கரி அடுப்புகளிலும் உலைகளிலும் மிஞ்சிய சாம்பலை இருப்புப் பாதை வழியாகக் கொண்டுவந்து அங்கே கொட்டியது. கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடுகளுள் ஒன்றுக்கு மக்கள் 'கொரோனா மலை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1922 முதல் 1924 வரை லாங் தீவின் கிரேட் நெக் ஊரில் குடியிருந்த ஃபிட்ஸ்ஜெரால்டு, நியூயார்க்குக்குப் போகும்போதும் வரும்போதும் அவ்விடத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. நூலுக்கு அவர் எண்ணிப் பார்த்த தலைப்புகளுள் ஒன்று சாம்பல் மேடுகளையும் கோடீசுவரர்களையும் ஒருங்கே குறிப்பது. 1930களில் ராபர்ட் மோசஸ் என்னும் நகர நிருவாகி அம்மேடுகளைச் சமன்செய்தார். 1939இல் அதன்மீதே உலகக் கண்காட்சி நடந்தது. 'நாளைய உலகம்' என்பது அக்கண்காட்சியின் கருப்பொருள்! இன்று அது ஃபிளஷிங் மெடோஸ் பூங்கா.

இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. சாம்பல் என்பது யாரோ குளிர்காய்ந்ததன் மிச்சம். நெருப்பின் இதத்தை ஒரு வீடு வைத்துக்கொண்டது. எரிந்து தீர்ந்ததை வேறொருவர் வாசலில் கொட்டியது. 'சாம்பல் பள்ளத்தாக்கு அறச்சிதைவின் சின்னம்' என்று துணைநூல் எழுதும்போது, அச்சிதைவு அங்கே வாழ்கிறவர்களுடையது என்ற எண்ணம் மாணவர் மனத்தில் தானாகவே படிந்துவிடுகிறது. கதையோ நேர்மாறாகச் சொல்கிறது. அந்தப் பட்டறையில் தூசி படிந்த உடையோடு நிற்கும் வில்சன், நூல் முழுவதிலும் எவரையும் ஏமாற்றியதாக ஒரு குறிப்பும் இல்லை. டாம் தன் பழைய காரை விற்பதாக ஆசை காட்டி அவனை இழுத்தடிக்கிறான். அவன் மனைவியையும் எடுத்துக்கொள்கிறான். அழுகல் கடலோரத்து வெண்மாளிகையில் இருக்கிறது. அதன் கழிவு மட்டுமே பள்ளத்தாக்கில் வந்து விழுகிறது.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலை ஏற்றுக்கொள்ளும் நமக்கு இந்த வேறுபாடு எளிதில் புரிய வேண்டும். யோபு தன் சாம்பலில் தானே அமர்ந்தார். புக்கானன் குடும்பத்தாரின் சாம்பலோ வில்சனின் தலைமேல் விழுகிறது.

இனி அந்தக் கண்கள். நீல நிறம்; ஒரு கஜ உயரத்துக்குப் பாவை. முகம் கிடையாது, மூக்கும் கிடையாது. இல்லாத மூக்கின்மேல் பெரிய மஞ்சள் மூக்குக் கண்ணாடி மட்டும் அமர்ந்திருக்கிறது. குவீன்ஸ் வட்டாரத்தில் தொழிலைப் பெருக்க எண்ணிய டாக்டர் டி. ஜே. எக்கிள்பர்க் என்ற கண் மருத்துவர் யாரோ வைத்த பலகை அது. வைத்தவர் தானே பார்வையிழந்து போனாரோ, அதை மறந்து வேறிடம் போய்விட்டாரோ என்று நிக் கேலியாகச் சொல்கிறான். வெயிலும் மழையும் பட்டு வண்ணம் மங்கிவிட்டது. ஆசிரியர் நம்முன் வைப்பது இவ்வளவே: வாடிக்கையாளரைப் பிடிக்க ஒருவர் வரைந்து, கவனிப்பாரின்றி விட்டுப்போன கண்கள்.

இவை கடவுளின் கண்களாக எப்போது மாறின? மிர்ட்டில் இறந்த இரவில். பக்கத்தில் காபிக் கடை நடத்தும் மைக்கேலிஸ் என்ற கிரேக்க இளைஞன் விடியும்வரை வில்சனோடு இருக்கிறான். விடியலில் வில்சன் சன்னலருகே நின்று, தன் மனைவியை அங்கே இழுத்துவந்து கடவுளை ஏமாற்ற முடியாது என்று தான் எச்சரித்ததைச் சொல்கிறான். அவன் எதைப் பார்த்துக்கொண்டு பேசுகிறான் என்று நோக்கிய மைக்கேலிஸ் திடுக்கிடுகிறான். எதிரே விளம்பரக் கண்கள். கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று வில்சன் மீண்டும் சொல்கிறான். அது வெறும் விளம்பரம் என்று மைக்கேலிஸ் உடனே திருத்துகிறான்.

துணைநூலார் வில்சனின் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மைக்கேலிஸின் திருத்தத்தை விட்டுவிட்டார்கள். அதைவிடப் பெரிய விடுபாடும் உண்டு. அதற்குச் சற்று முன்னர் அவ்விருவருக்கும் நடக்கும் உரையாடலை நான் பார்த்த விளக்கங்களுள் ஒன்றும் தொடவில்லை. நீ போகின்ற கோவில் ஏதேனும் உண்டா, நெடுநாள் போகாமல் இருந்தாலும் சரி, தொலைபேசியில் அழைத்துக் குருவானவர் ஒருவரை வரச்சொல்லட்டுமா என்று மைக்கேலிஸ் கேட்கிறான். தனக்கு எந்தக் கோவிலும் இல்லை என்கிறான் வில்சன். திருமணம் கோவிலில்தானே நடந்திருக்கும் என்கிறான் மற்றவன். அது எப்போதோ நடந்தது என்ற பதிலோடு பேச்சு அறுந்துவிடுகிறது. நூலின் ஆன்மிகச் சிதைவு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இந்தச் சிறு உரையாடலைத்தான் காட்டுவேன். துயரத்தின் உச்சியில் நிற்கும் ஒரு மனிதனுக்கு அழைக்கவென்று ஒரு பெயர் இல்லை. வந்து அருகே அமர ஒருவர் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பலகை வந்து குந்திக்கொள்கிறது. ஒரு கோவில் இருந்திருக்க வேண்டும் என்று காபிக் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. இலக்கியம் கற்றவர்களோ அந்த இடத்தில் பலகையே கோவில் என்று எழுதிக்கொடுக்கிறார்கள்.

கடவுள் பார்க்கிறவர் என்று விவிலியம் சொல்லவில்லையா எனக் கேட்கலாம். சொல்கிறது. ஆனால் யாருக்கு, எப்போது சொல்கிறது? தொடக்க நூலில், தலைவியின் கொடுமை தாங்காமல் பாலைநிலத்துக்கு ஓடிய ஆகார் என்னும் அடிமைப் பெண் நீரூற்றருகே கடவுளைச் சந்திக்கிறாள். காண்கின்ற கடவுள் என்று அவருக்குப் பெயரிடுகிறாள். எவருமே கண்டுகொள்ளாத ஒருத்தியை அவர் கண்டார் என்பதால் வந்த பெயர் அது. விடுதலைப் பயண நூலில், எகிப்தில் தம் மக்கள் படும் துன்பத்தைக் கண்ட கடவுள் அவர்களை விடுவிக்க இறங்கி வருகிறார். காண்பதும் இறங்கி வருவதும் அங்கே ஒரே செயல். எக்கிள்பர்க்கின் கண்கள் எதைப் பார்த்தும் இறங்கி வருவதில்லை. மிர்ட்டில் சாலையில் குருதி வடியக் கிடந்தபோதும் அவை அப்படியே இருந்தன. இத்தகைய கண்களுக்குக் கடவுளின் பெயரைச் சூட்டுவது பக்தி ஆகாது.

மறைக்கல்வி நூல்களில் முக்கோணத்துக்குள் ஒற்றைக் கண்ணை வரைந்து, 'கடவுள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று குழந்தைகளை மிரட்டிய பழக்கம் நம்மிடையேயும் இருந்ததுதான். (அதே கண் 1935இல் அமெரிக்க ஒரு டாலர் தாளிலும் ஏறிவிட்டது. ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதியபோது அது அங்கே இல்லை. இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.) வில்சன் சொல்வது அந்த மிரட்டலைத்தான். குற்றத்தை மட்டும் காணும் ஒரு கண்ணை நம்பியவன், அதன் தண்டனையைத் தன் கையால் நிறைவேற்றக் கிளம்புகிறான். ஆளையும் தவறாகப் பிடிக்கிறான்.

பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதே இந்நூலில் பெரும் பாவம். பாலம் திறந்திருக்கும் நேரங்களில் சாம்பல் மேட்டருகே நிற்கும் இரயிலின் பயணிகள் அரைமணி நேரம்கூட அக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்; இறங்குவதில்லை. நிக் கேரவேயும் அவ்வாறே. பிறரைத் தீர்ப்பிடுவதில்லை என்று பெருமையோடு தொடங்குகிறவன் அவன். டாமின் கள்ள உறவை உடனிருந்து பார்க்கிறான். டெய்சியும் கேட்ஸ்பியும் சந்திக்கத் தன் வீட்டையே தருகிறான். காரை ஓட்டியவள் டெய்சி என்பது அவனுக்குத் தெரியும். பின்னொருநாள் டாமைத் தெருவில் காண்கிறான். வில்சனைக் கேட்ஸ்பியிடம் அனுப்பியவன் தானே என்று டாம் ஒப்புக்கொள்கிறான். அப்போதும் நிக் உண்மையைச் சொல்லவில்லை. கைகுலுக்கிவிட்டுப் போகிறான். எக்கிள்பர்க்குக்கு இந்நூலில் ஓர் இணை தேட வேண்டுமானால் விண்ணகம்வரை போக வேண்டியதில்லை. கதை சொல்கிறவனே போதும்.

இந்நூலை எடுத்துவைத்துக்கொண்டு குடி, கூத்து, ஜாஸ் இசை ஆகியவற்றைச் சாடுவோரும் உண்டு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. கேட்ஸ்பியின் விருந்தில் ஓடிய மது அத்தனையும் சட்டத்துக்குப் புறம்பானது. ஆனால் ஆசிரியரின் சினம் அங்கே இல்லை. விபத்து நடந்த இரவில், வேலையாட்கள் புழங்கும் பகுதியின் சன்னல் வழியே நிக் ஒரு காட்சியைக் காண்கிறான். டாமும் டெய்சியும் சமையலறை மேசையில் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். நடுவே ஆறிப்போன பொரித்த கோழி, இரண்டு குப்பி ஏல். டாமின் கை அவள் கையை மூடியிருக்கிறது. இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. ஏதோ சூழ்ச்சி செய்வார்போல் நெருங்கியிருக்கிறார்கள். ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு வந்த வீட்டில் அலறல் இல்லை, அழுகை இல்லை. வெளியே, டெய்சிக்குத் தீங்கு நேருமோ என்று கேட்ஸ்பி காவல் நிற்கிறான். ஓசையடங்கிய அந்தச் சமையலறைதான் எனக்கு அச்சமூட்டுகிறது. விருந்துகளின் ஆரவாரம் அதன்முன் சிறுபிள்ளை விளையாட்டு.

கண்களைக் கடவுளாக்குவோர் இன்னொரு சான்று காட்டுவதுண்டு. முதற்பதிப்பின் அட்டைக்குப் பிரான்சிஸ் குகாட் வரைந்த ஓவியம் 'விண்ணகக் கண்கள்' என்று வழங்கப்படுகிறது. அதைத் தன் நூலுக்குள்ளேயே எழுதிச் சேர்த்துவிட்டதாக ஃபிட்ஸ்ஜெரால்டு பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்க்கின்ஸுக்கு எழுதினார் என்பதும் உண்மை. ஆனால் அவ்வோவியத்தின் கண்கள் ஒரு பெண்ணுடையவை. அவற்றிலிருந்து கண்ணீர் வழிகிறது. பலகையின் கண்களில் ஒரு சொட்டும் இல்லை.

ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். 1896இல் மின்னசோட்டாவின் செயிண்ட் பால் நகரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கத்தோலிக்கரான நியூமன் பள்ளியில் படித்தபோது தமக்குத் தந்தைபோல் இருந்த அருட்திரு சிகர்னி ஃபே அடிகளாருக்கே தம் முதல் புதினத்தைக் காணிக்கையாக்கினார். பின்னர் திருச்சபையை விட்டு விலகிப்போனார். 1924இல் அவர் வெளியிட்ட 'அப்சொல்யூஷன்' என்ற சிறுகதை, கேட்ஸ்பியின் இளமைப் பருவத்துக்காக முதலில் திட்டமிட்ட பகுதி. மர்மம் கெடாதிருக்கவே அதை நூலில் சேர்க்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் விளக்கினார். பதினொரு வயதுச் சிறுவன் ருடால்ஃப் பாவசங்கீர்த்தனத்தில், தான் பொய்யே சொல்வதில்லை என்று பொய் சொல்லிவிடுகிறான். அந்தப் பாவத்தோடு நற்கருணை வாங்கினால் இறைவனின் கோபம் தன்மேல் விழும் என்று நடுங்குகிறான். தந்தையோ அடித்து இழுத்துச் செல்கிறார். இறுதியில் குருவானவரைத் தேடிப் போகிறான். அவரோ தனிமையால் மனமுடைந்து கிடப்பவர். மன்னிப்பின் ஆறுதலைத் தர அவரால் இயலவில்லை. கேளிக்கைப் பூங்காவின் விளக்குகளைத் தொலைவிலிருந்து போய்ப் பார், நெருங்கிவிடாதே என்று உளறுகிறார். சிறுவன் அஞ்சி ஓடுகிறான். கடவுளோடு தொடர்பே இல்லாத பேரழகு எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் அவனுக்குள் உறுதிப்படுகிறது.

கேட்ஸ்பியின் மாளிகை அந்தக் கேளிக்கைப் பூங்காதான். கண்காணிக்கும் கடவுளை மட்டுமே அறிந்த ஒரு சிறுவன் வளர்ந்து கட்டிய மாளிகை அது. ஆகவே 'இறைநம்பிக்கையற்ற அமெரிக்கா' என்று கைகாட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அழுகலின் ஒரு வேரை ஆசிரியர் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அருகிலேயே தோண்டிக் காட்டியிருக்கிறார்.

1940 டிசம்பர் 21 அன்று ஃபிட்ஸ்ஜெரால்டு தமது 44ஆம் வயதில் ஹாலிவுட்டில் இறந்தார். மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில் ஊரில், தம் தந்தை வழியினர் துயிலும் தூய மரியா கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்யத் திருச்சபை அதிகாரிகள் இசையவில்லை. சமயக் கடமைகளைக் கடைப்பிடிக்கும் கத்தோலிக்கராக அவர் வாழவில்லை என்பது காரணம். வேறொரு கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 1975இல் மகள் ஸ்காட்டியின் வேண்டுகோள் ஏற்கப்பட்டு, அவருடைய உடலும் மனைவி செல்டாவின் உடலும் தூய மரியா தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. இடையில் 35 ஆண்டுகள்.

கண்களைத்தான் பேசவேண்டும் என்றால், நூலில் வேறொரு மனிதரின் கண்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கேட்ஸ்பியின் நூலகத்தில் ஓரிரவு குடிமயக்கத்தில் உட்கார்ந்திருந்த, ஆந்தைக் கண்ணாடி அணிந்த பெயரில்லாத மனிதர் அவர். அலமாரியில் இருப்பவை அட்டைப் பெட்டிகள் அல்ல, மெய்யான புத்தகங்கள் என்றும், ஆயினும் தாள்கள் பிரிக்கப்படவே இல்லை என்றும் கண்டுபிடித்தவர். கேட்ஸ்பியின் விருந்துகளில் உண்டு குடித்த நூற்றுக்கணக்கானோருள் ஒருவரும் அடக்கத்துக்கு வரவில்லை. டெய்சி ஒரு மலரும் அனுப்பவில்லை. கொட்டும் மழையில் கிழத் தந்தையும், லூத்தரன் போதகரும், நிக்கும், சில வேலையாட்களும், ஊர்த் தபால்காரரும் நிற்கும் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குத் தண்ணீரில் சளக் சளக்கென்று காலடி வைத்து ஒருவர் பின்னால் வருகிறார். யார் சொல்லி அவருக்குத் தெரிந்தது என்று நிக்குக்கே விளங்கவில்லை. மழையில் நனையும் இறந்தோரைக் குறித்து யாரோ முணுமுணுத்த ஆசிமொழிக்கு ஆமென் சொல்கிறவர் அவர்தான். வீட்டுக்கு வர இயலவில்லை என்று வருந்துகிறார். வேறு எவரும் வரவில்லை என்று கேட்டதும் அதிர்ந்து போகிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெளிப்புறமும் உட்புறமும் மீண்டும் துடைத்துக்கொண்டு, இறந்தவனை நினைத்து வசைச்சொல் கலந்த ஒரு பரிவுச் சொல்லை உதிர்க்கிறார்.